அளவையும் மின்னழுத்தமும்

அளவை என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு வாழ்வு உண்டு. கடைத்தெருவில் அது படியும் முழமும். தருக்க நூலில் அது உண்மையை அறியும் வழி. மணிமேகலையில் வரும் அளவைவாதி அவ்வழிகளைப் பத்து என எண்ணிக் கூறுவான். அவற்றுள் கண்டு அறிதல், கருதி அறிதல், பிறர் உரைகொண்டு அறிதல் ஆகிய மூன்றும் நம் அன்றாட வாழ்வுக்குப் பெரிதும் பயன்படுவன. வகுப்பறையில் இவற்றைப் பன்முறை விளக்கியிருக்கிறோம். கணிப்பொறிக்கு மின்சாரம் வழங்கும் ஓர் இரும்புப் பெட்டியின் முன் அமர்ந்தபோது, இம்மூன்றும் ஒன்றோடொன்று முரண்பட்டு நிற்கக் கண்டோம்.

நம் துறையில் அரபுத் தமிழ் நூல்களை வருடிப் படிமங்களாக்கும் பணி நடைபெற்று வருகிறது. தமிழை அரபு எழுத்தில் எழுதிய அந்நூல்கள் பல, இல்லங்களின் பழைய பெட்டிகளுள் உறங்குபவை. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ள பெரியவர்கள் நம்மை நம்பி இரவல் தருகின்றனர். தாள்கள் பழுப்பேறியவை, விரல் பட்டால் ஓரம் உதிர்பவை. ஒரு பக்கத்தை ஒருமுறை விரிப்பதே பெரும்பாடு. மறுமுறை விரித்தால் தையல் பிரியும். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், படிமங்களைச் செப்பனிடும் வேளையிலெல்லாம் கணிப்பொறி தானே அணைந்து, தானே மீண்டும் தொடங்கலாயிற்று. ஒரே நாளில் நான்கு முறை இவ்வாறு நிகழ்ந்தது. சேமிக்கப்படாத பக்கங்களுக்காக அந்நூலை மீண்டும் கண்ணாடியின்மேல் கவிழ்க்க வேண்டியதாயிற்று. அம்மாலை வருடியைத் துடைத்தபோது, துணியில் ஒட்டியிருந்தவை உதிர்ந்த தாள் துணுக்குகள்.

பழுதுபார்க்க வந்த அன்பர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “மதர்போர்டு போய்விட்டது சார், புதிதாக வாங்கிவிடுங்கள்” என்றார். அது உரை. மாணவர்கள் வைரஸ் என்றனர். அது கருதல். கண்டு சொன்னவர் ஒருவருமில்லை.

கடைத்தெருவில் எஸ்.எம்.பி.எஸ். என்று வழங்கப்பெறும் அப்பெட்டி, சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தைச் சிறு அளவுகளான நேர்மின்சாரமாக மாற்றித் தருவது. மஞ்சள் கம்பியில் 12 வோல்ட், சிவப்பில் 5, செம்மஞ்சளில் 3.3, ஊதாவில் கணிப்பொறி உறங்கும்போதும் விழித்திருக்கும் 5 வோல்ட், கறுப்பு யாவற்றுக்கும் பொதுவான தரை. இன்டெல் நிறுவனம் 1995ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய ஏ.டி.எக்ஸ். அமைப்பில் இவற்றுக்கெல்லாம் வரம்பு எழுதப்பட்டுள்ளது. நம் பெட்டி உருவான காலத்து வரையறைப்படி, நூற்றுக்கு 5 கூடலாம், 5 குறையலாம். அதாவது, 12 வோல்ட் என்பது 11.40க்கும் 12.60க்கும் இடையில் நிற்கவேண்டும். 5 என்பது 4.75க்கும் 5.25க்கும் இடையில், 3.3 என்பது 3.14க்கும் 3.47க்கும் இடையில்.

அளக்குமுன் அளவுகோலை அளக்கவேண்டும். இஸ்லாமிய நகரங்களின் அங்காடிகளில் முஹ்தசிப் என்னும் அலுவலர் படிக்கல்லையும் மரக்காலையும் சோதித்து வந்ததை வரலாறு கூறும். மல்டிமீட்டருக்கும் அச்சோதனை வேண்டும். அதனுள் இருக்கும் பாட்டரி தளர்ந்தால், அது இருப்பதைவிட மிகுத்துக் காட்டக்கூடும். குறையுள்ள மின்வழங்கி நிறைவுடையதாகத் தோன்றிவிடும். ஆகவே புதிய பாட்டரி இட்டு, இரவல் பெற்ற வேறொரு மீட்டருடன் ஒத்துப்பார்த்த பின்னரே தொடங்கினோம்.

மின்வழங்கியைத் தனியே கழற்றி, பச்சைக் கம்பியைக் கறுப்புக் கம்பியோடு ஒரு காகிதக் கவ்வியால் இணைத்தால் அதன் விசிறி சுழலும். பலர் இத்துடன் “பெட்டி நன்றாக இருக்கிறது” என்று தீர்ப்பு வழங்கிவிடுகின்றனர். சுமையில்லாத வண்டி மேட்டில் ஏறுவதைக் கண்டு மாட்டின் வலிமையை மதிப்பிடுவது போன்றது இது. கணிப்பொறியின் பயோஸ் திரையும் 12.09 என்று காட்டியது. அத்திரை தோன்றும் நேரத்தில் செயலி ஏறத்தாழ ஓய்ந்திருக்கும். மேலும், அவ்வெண் தாய்ப்பலகையிலுள்ள சிறு உணர்வியின் மதிப்பீடேயன்றித் துல்லிய அளவன்று. குற்றம் சாட்டப்பட்டவரையே சாட்சிக் கூண்டில் ஏற்றுவதில் நமக்கு உடன்பாடில்லை.

எனவே பெட்டியைக் கணிப்பொறியிலேயே விட்டு, மீட்டரை நேர்மின்சாரத்தில் 20 வோல்ட் வரிசைக்குத் திருப்பினோம். கறுப்பு முனையைக் கறுப்புக் கம்பியிலும், சிவப்பு முனையை 24 துளை இணைப்பியின் பின்புறமாக ஒவ்வொரு வண்ணக் கம்பியிலும் செருகினோம். அருகருகே உள்ள இரு ஊசிகளை முனை ஒருங்கே தொட்டுவிடாதபடி ஒரு மாணவர் விளக்குப் பிடித்தார். ஓய்வில் மஞ்சள் 12.04, சிவப்பு 5.03, செம்மஞ்சள் 3.34. யாவும் வரம்புக்குள். பின்னர் இருநூறு படிமங்களை ஒருசேரச் செப்பனிடுமாறு கட்டளையிட்டோம். சிவப்பு 4.97இல் நின்றது. செம்மஞ்சள் அசையவில்லை. மஞ்சள் 11.6, 11.3 என்று இறங்கி 10.94ஐத் தொட்டது, திரை இருண்டது.

இணைப்பி தளர்ந்திருந்தாலும் அழுத்தம் இவ்வாறு குறையும். அதனால் வன்தட்டுக்குச் செல்லும் வேறோர் இணைப்பியிலும் அளந்தோம். அங்கும் அதே சரிவு. குறை கம்பியின் முனையில் இல்லை, பெட்டியினுள்ளேயே இருக்கிறது என்பது உறுதியாயிற்று. செயலி தனக்கு வேண்டிய ஆற்றலை 12 வோல்ட் தடத்திலிருந்தே பெறுகிறது. அத்தடம் மிகவும் சரியும்போது ‘மின்சாரம் சீராக உள்ளது’ என்று சாம்பல்நிறக் கம்பி தாய்ப்பலகைக்கு அனுப்பும் குறிப்பு நின்றுவிடும். கணிப்பொறி மீண்டும் தொடங்கும். வைரசும் இல்லை, மதர்போர்டும் போகவில்லை.

மீட்டருக்கும் புலப்படாத ஒன்று உண்டு. அது சராசரியைக் காட்டுமே தவிர, நேர்மின்சாரத்தின்மேல் ஏறி வரும் சிற்றலைகளைக் காட்டாது. வரையறைப்படி 12 வோல்ட் தடத்தில் அலையின் உச்சிக்கும் தாழ்வுக்கும் இடையே 120 மில்லிவோல்ட் வரை இருக்கலாம், 5, 3.3 தடங்களில் 50 வரை. இயற்பியல் துறை நண்பர் தம் ஆசிலாஸ்கோப்பைத் தூக்கி வந்தார். மஞ்சளில் அலை 300க்கு மேல் எழுந்தது. மின்தேக்கிகள் வறண்டுவிட்டன என்று அவர் கூறினார். பெட்டியைத் திறந்து காட்டுமாறு மாணவர்கள் கேட்டனர், நாம் இசையவில்லை. சுவரிணைப்பைப் பிடுங்கிய பின்னும் அதனுள் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும். வண்ணக் கம்பிகள் வெளியே தருவதை அளக்க, உள்ளே கைவைக்க வேண்டியதில்லை.

புதிய பெட்டி வந்தது. அதையும் உரைகொண்டு ஏற்கவில்லை. அதே இருநூறு படிமங்களின் சுமையில் மஞ்சள் 11.93, சிவப்பு 5.01, செம்மஞ்சள் 3.31. நாளும் அளவும் எழுதிய சீட்டை மூடியின் உட்புறம் ஒட்டினோம். ஆண்டுக்கு ஒருமுறை அளந்து அதன்கீழ் எழுதுவது என்பது துறையின் முடிவு. கீழக்கரைப் பெரியவரின் நூலில் அப்போது 112 பக்கங்கள் எஞ்சியிருந்தன. அடுத்த மூன்று நாள்களில், ஒவ்வொரு பக்கத்தையும் ஒருமுறை மட்டுமே விரித்து, அவற்றை முடித்தோம்.