துடைக்கிற கைக்குத்தான் முதலில் தெரியும்

அம்மணிக்கு,

புது வீட்டில் என்னென்ன வாங்கிப் போட்டிருக்கிறாய் என்று போனில் சொன்னாய். ஃபிரிட்ஜ், முன்பக்கக் கதவு வைத்த வாஷிங் மெஷின், கீசர், டேபிள் டாப் கிரைண்டர், மிக்ஸி, இன்வெர்ட்டர். "எல்லாத்துக்கும் வாரன்ட்டி இருக்குதுங்க அப்புச்சி" என்றும் சொன்னாய். இருக்கட்டும். சாமான் கெட்டுப்போன பிறகுதான் வாரன்ட்டி உதவிக்கு வரும். கெடுவதற்கு முன்னால் நாம் பார்க்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. கடைக்காரர் அதைச் சொல்லி அனுப்பியிருக்க மாட்டார்.

நான் கிரைண்டர் பட்டறை வைத்துப் பிழைத்தவன். 1955-ல் பி. சபாபதி வெட் கிரைண்டரை உருவாக்கியது நம் கோயம்புத்தூரில்தான். 2005-06-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஊரெல்லாம் கிரைண்டர் செய்தால் ஊரெல்லாம் ரிப்பேரும் இருக்கும். "ரெண்டு நாளா சத்தம் வேற மாதிரி வருதுங்க" என்று சொல்லிக்கொண்டு வருகிறவருக்கு ஒரு பெல்ட்டோ பேரிங்கோ மாற்றினால் போதும், அன்றைக்கே எடுத்துப் போய்விடுவார். "திடீர்னு நின்னுபோச்சுங்க" என்று வருகிறவருக்குப் பெரும்பாலும் காயில் கட்ட வேண்டியிருக்கும். மெஷின் எதுவும் அப்படித் திடீரென்று நிற்பதில்லை. முதல் ஆள் தன் கையாலேயே கழுவித் துடைக்கிறவர், அதனால் அவர் காதுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது.

இதைத்தான் உன்னிடம் சொல்ல நினைத்தேன். துடைப்பதுதான் சோதனை. வாரம் ஒரு தடவையாவது ஒரு சாமானைத் தொட்டுத் துடைக்கிறவருக்கு அதன் சூடும் சத்தமும் வாசனையும் பழகிவிடும். எது மாறினாலும் உடனே உறைக்கும். வேலைக்கு வருகிற அம்மா மேலே பளபளவென்று துடைத்துவிட்டுப் போவார். அடியில் தொட்டுப் பார்ப்பது அவர் வேலை இல்லை, அதற்கு நீ அவருக்குச் சம்பளமும் கொடுக்கவில்லை. நீயும் மாப்பிள்ளையும் முறை வைத்துச் செய்யுங்கள். மாப்பிள்ளைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதில் தாராளமாகப் போகலாம்.

கிரைண்டரில் இருந்தே ஆரம்பிக்கிறேன், கை அங்கேதான் போகிறது. மாவை வழித்ததும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ஒரு நிமிடம் ஓட விடு, பாதி வேலை முடிந்தது. கல்லைக் கழற்றிக் கழுவி ஈரம் போகக் கவிழ்த்து வை. பிறகு டிரம்மைத் தூக்கிவிட்டு, கீழே இருக்கிற தட்டில் விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார். காய்ந்திருந்தால் சரி. ஈரமோ வெள்ளைப் பிசுபிசுப்போ தட்டுப்பட்டால் மாவுத் தண்ணீர் கீழே இறங்குகிறது என்று அர்த்தம். இன்றைக்கு அது தட்டில் இருக்கும், அடுத்து பேரிங்குக்கும் பெல்ட்டுக்கும் போகும். அரிசி போட்டதும் வேகம் குறைந்து ரப்பர் கருகுகிற வாசனை வந்தால் பெல்ட் வழுக்குகிறது. அதோடு ஓட்டிக்கொண்டே இருக்காதே, அன்றைக்கே நிறுத்து.

மிக்ஸியிலும் கதை இதேதான். ஜாரின் வெளிப்பக்க அடியைப் பார். நடுவில் கறுப்பாகக் கசிந்திருந்தால் புஷ் தேய்ந்துவிட்டது. சட்னித் தண்ணீர் சொட்டுச் சொட்டாக மோட்டாருக்குள் இறங்கும். புது புஷ் போட ஆகிற செலவு மோட்டாருக்கு ஆவதில் ஒரு மூலைக்கு வராது. மிக்ஸியின் அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது தெரியுமா? அளவுக்கு மேல் பாரம் ஏறினால் மோட்டார் கருகாமல் இருக்க அது தானாக வெளியே வந்துவிடும். அது தெரியாமல் நல்ல மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தவர்கள் நிறையப் பேர். சூடு ஆறும்வரை விட்டு, சரக்கைக் குறைத்து, பொத்தானை அமுக்கினால் ஓடும். ஆனால் அடிக்கடி வெளியே வந்தால் அமுக்கி அமுக்கி ஓட்டாதே, ஏன் வருகிறது என்று பார்க்கச் சொல்.

ஃபிரிட்ஜில் எல்லோரும் உள்ளே துடைப்பார்கள். ஆபத்து பின்னால் இருக்கிறது. கதவைத் திறந்து மூடும்போது வருகிற ஈரமெல்லாம் தண்ணீராகி ஒரு சின்னக் குழாய் வழியே பின்பக்கத் தட்டில் சேரும். டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசுவுக்கு இந்த மாதிரித் தேங்கின நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். மழைக்காலத்தில் மாநகராட்சி ஆட்கள் வீடு வீடாக வந்து ஃபிரிட்ஜுக்குப் பின்னால் டார்ச் அடிப்பது இதற்காகத்தான். கழற்ற முடிகிற தட்டாக இருந்தால் வாரத்துக்கு ஒரு தடவை கொட்டித் தேய்த்துக் கழுவு. வெறுமனே கொட்டினால் ஓரத்தில் ஒட்டின முட்டை அங்கேயே இருக்கும். பின்னால் கறுப்புக் கம்பி வலை தெரிந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூசியைப் பிரஷ்ஷால் தட்டு. தூசி மூடினால் சூடு வெளியே போகாது, கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடும், கரண்ட் பில் ஏறும். புது ஃபிரிட்ஜ் பலவற்றில் அந்தக் கம்பி பக்கச் சுவருக்குள் போய்விட்டது. பக்கவாட்டில் வெதுவெதுப்பாக இருந்தால் பயப்படாதே, சுவரோடு ஒட்டி மட்டும் வைக்காதே. கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார். வழுவழுவென்று வந்துவிட்டால் குளிர் அந்த வழியாகப் போகிறது. ஃப்ரீஸரில் உறைந்த ஐஸைக் கத்தியால் குத்தாதே. உள்ளே கேஸ் குழாய் ஓடுகிறது, ஓட்டை விழுந்தால் செலவு பெரிது.

உன் பக்கத்தில் போர் தண்ணீர் என்றாய். பக்கெட்டின் உள்ளே வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பு கீசருக்குள்ளும் படியும், சூட்டில் இன்னும் வேகமாக. ஹீட்டர் கம்பியைச் சுற்றி ஓடு மாதிரி கெட்டியாகிவிட்டால் சூடு தண்ணீருக்குப் போகாமல் கம்பியே கருகிப் போகும். தண்ணீர் சூடாக நேரம் பிடிக்கும், உள்ளே கடமுட என்று சத்தம் வரும். வருஷம் ஒரு தடவை திறந்து சுத்தம் செய்யச் சொல். அப்போது மக்னீசியம் ராடையும் காட்டச் சொல். டேங்க் அரிக்காமல் இருக்க, தான் முதலில் அரித்துப் போவதற்கென்றே வைத்திருக்கிற தண்டு அது. பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிடு. திறக்கிற வேலையை நீ செய்யாதே, கரண்டும் தண்ணீரும் ஒரே இடத்தில் இருக்கிற சாமான் அது.

வாஷிங் மெஷினில் வருகிற வாடைக்குப் பாதிக் காரணம் சோப்பு. அளவுக்கு மேல் போட்டால் அலசிப் போகாமல் உள்ளே படிந்து, அதில் பூஞ்சை பிடிக்கும். கதவைச் சுற்றின ரப்பரின் மடிப்பை விரலால் விரித்துப் பார். தலைமுடி, ஹேர்பின், மாப்பிள்ளை சட்டைப் பையில் மறந்த கோயில் விபூதிப் பொட்டலம் எல்லாம் அங்கே இருக்கும். ஈரத்துணியால் துடைத்து, துவைத்து முடித்ததும் கதவைக் கொஞ்சம் திறந்தே வை. கீழே மூலையில் சின்னக் கதவுக்குள் வடிகால் ஃபில்டர் இருக்கும். ஒரு தட்டை வைத்துக்கொண்டு மெதுவாகத் திருகு, மிச்சத் தண்ணீர் கொட்டும். சில்லறைக் காசு கிடைத்தால் உன் அதிர்ஷ்டம். மாதம் ஒரு தடவை துணி போடாமல் வெந்நீரில் ஒரு ஓட்டம் விடு. உப்புப் படிந்திருந்தால் சிட்ரிக் ஆசிட் போதும். ஒன்றை மட்டும் மறக்காதே: ப்ளீச்சிங் பவுடரையோ ப்ளீச்சையோ எந்த ஆசிட்டோடும், பாத்ரூம் கழுவுகிற திரவத்தோடும் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு வரும், மூடின பாத்ரூமில் மூச்சு அடைக்கும்.

இன்வெர்ட்டர் பேட்டரி தண்ணீர் ஊற்றுகிற வகை என்றால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான். குழாய்த் தண்ணீரும் வேண்டாம், யாராவது சொன்னார்கள் என்று ஆசிட்டும் வேண்டாம். மிதவை கீழே இறங்கியிருக்கிறதா என்று இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பார். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும் என்பதால் அதன் பக்கத்தில் விளக்கு ஏற்றாதே. உங்கள் வீட்டில் பூஜை அலமாரிக்குக் கீழேயே அதை வைத்திருப்பதாக உன் அம்மா சொன்னாள். இந்த வாரமே இடம் மாற்று.

அடுப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜுவாலை மஞ்சளாக வந்து பாத்திரம் கரி பிடித்தால் பர்னர் துளையைக் குத்திச் சுத்தம் செய். ஆரஞ்சு கேஸ் டியூபில் அச்சடித்த வருஷத்தைப் பார். ஐந்து வருஷம்தான் அதன் ஆயுள்.

எங்கள் பட்டறையில் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எல்லா மெஷினையும் பிரித்துத் துடைப்போம். அந்த வருஷத்துக் கோளாறில் பாதி அன்றைக்குத்தான் வெளியே வரும். இப்போது பல வீடுகளில் பிரிப்பதை விட்டுவிட்டார்கள், சந்தனம் மட்டும் தவறாமல் வைக்கிறார்கள், அதுவும் காற்றுப் போகிற ஓட்டை மேல்.

மெக்கானிக் வந்தால் போனை வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பார். எதை மாற்றினாரோ அந்தப் பழைய பாகத்தைக் கேட்டு வாங்கு, நேர்மையான ஆள் சந்தோஷமாகக் காட்டுவார். பில்லின் பின்பக்கம் தேதியும் மாற்றின பாகமும் எழுதி வை. அடுத்த மாதம் அமுச்சியும் நானும் வருகிறோம். டெஸ்ட்டரும் ஸ்குரூ டிரைவரும் நான் கொண்டுவருகிறேன், நீ வாங்கிவிடாதே. இப்போது கடையில் கிடைக்கிற ஸ்குரூ டிரைவர் இரண்டு திருகுக்கு முனை மழுங்கிவிடுகிறது.