வீட்டு சர்வரும் அப்பாவின் கூலி நோட்டும்

வீட்டிலேயே ஒரு சர்வர் வைக்கலாம்னு யூடியூப் பார்த்துக்கிட்டு இருக்கீங்களா? அப்போ இதைப் படிச்சிட்டுப் போங்க.

எங்க ஊர் சங்கரன்கோவில். அப்பாவுக்கு ஆறு விசைத்தறி. யார் எத்தனை பீஸ் நெய்தார்கள், யாருக்கு எவ்வளவு கூலி, யார் எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறார் என்பதெல்லாம் ஒரு நீள நோட்டில் இருக்கும். இரண்டாம் வருட லீவில் அதை ஒரு வெப் பேஜாக்கி, ராஸ்பெரி பையில் ஏற்றி, டிவி பக்கத்தில் வைத்தேன். கேபிள் நெட் அண்ணனிடம் பப்ளிக் ஐபி வாங்கி, ரவுட்டரில் 22, 80 இரண்டு போர்ட்டையும் திறந்துவிட்டேன். ஹாஸ்டலில் இருந்தே கணக்கு பார்க்கலாம். கெத்தாகத்தான் இருந்தது. பாஸ்வேர்டு, அப்பா பேரும் 123-ம். சிரிக்காதீங்க.

மூன்றாம் நாள் வேறு எதற்கோ லாகைத் திறந்தால், வரிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ரூட், அட்மின், டெஸ்ட், ஆரக்கிள், பை என்று சில நொடிக்கு ஒரு பெயரில் யாரோ லாகின் முயற்சி செய்கிறார்கள். அப்பாவிடம் சொன்னேன்.

"நம்ம வீட்டு டப்பாவ எவம்ல தேடி வரப் போறான்?"

நியாயமான கேள்வி. யாரும் நம்மைத் தேடி வருவதில்லை, எல்லா வீட்டையும் தட்டிப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. நல்ல வேகமான இணைப்பு இருந்தால் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து அத்தனையிலும் ஒரு போர்ட்டை 45 நிமிடத்துக்குள் தட்டிவிடலாம் என்று 2013-லேயே மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் இசட்மேப் மூலம் காட்டிவிட்டார்கள். 2016-ல் மிராய், அறுபது சொச்சம் டீஃபால்ட் பாஸ்வேர்டுகளை வைத்தே லட்சக்கணக்கான கேமராவையும் ரவுட்டரையும் பிடித்தது.

இதையெல்லாம் விளக்கினேன். அப்பா வேறொன்று கேட்டார். "அப்போ முன்பணக் கணக்க எவனும் பாத்துருவானா? ஒருத்தர் பொண்ணு கல்யாணத்துக்கு வாங்கிருக்காரு, சம்பந்தி வீட்டுக்கே தெரியாது." அதுவரை எனக்கு அது டேட்டாபேஸில் ஒரு டேபிள் மட்டும்தான்.

ஹாஸ்டலுக்குத் திரும்பியதும் ராத்திரியோடு ராத்திரியாகப் பாதுகாப்பு வேலையில் இறங்கினேன். ஃபயர்வாலை ஆன் செய்தேன். 22-க்கு அனுமதி கொடுக்க மறந்துவிட்டேன். அடுத்த லாகின் போகவே இல்லை. சனிக்கிழமை பஸ் ஏறிப் போய், டிவியில் எச்டிஎம்ஐ கேபிள் சொருகி, அம்மாவின் சீரியல் நேரத்தில் சரிசெய்தேன். வாங்கின திட்டு தனி. ரிமோட்டில் எதை மாற்றினாலும் பழைய விண்டோவை மூடாமல், இன்னொரு விண்டோவில் லாகின் ஆகிறதா என்று பார்த்துக்கோங்க.

லாகில் என்னைத் தவிர யாரும் உள்ளே வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் வந்தவன் லாகை அழித்திருந்தால்? அதனால் கார்டை அழித்துப் புதிதாக இன்ஸ்டால் செய்தேன். எஸ்எஸ்எச்-க்கு கீ மட்டும், பாஸ்வேர்டு லாகின் கிடையாது. அப்டேட் தானாக ஓடும்.

அதற்குப் பிறகுதான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி வந்தது: இந்தப் பேஜ் இன்டர்நெட்டில் எதற்கு? பார்ப்பது நானும் அப்பாவும்தானே! நம்ம பக்கத்து கூடங்குளத்தில் 2019-ல் மால்வேர் வந்ததே, ஞாபகம் இருக்கா? அது இன்டர்நெட்டோடு சேர்ந்த நிர்வாக நெட்வொர்க் கம்ப்யூட்டரில்தான்; உலையை இயக்கும் நெட்வொர்க் தனியாக இருப்பதால் அதற்குப் பாதிப்பில்லை என்று அணுமின் கழகம் சொன்னது. நம்ம டப்பாவுக்கும் அந்தப் பிரிப்பு போதும் என்று பட்டது.

22, 80 இரண்டையும் ரவுட்டரில் மூடினேன். வயர்கார்டுக்கு ஒரே ஒரு யுடிபி போர்ட். சரியான கீ இல்லாமல் தட்டினால் அது பதிலே சொல்லாது. அப்பா போனிலும் போட்டுக்கொடுத்தேன். இப்போது லாகில் என் பெயர் மட்டும்தான் வருகிறது.

அப்பா இன்னும் நோட்டிலும் எழுதுகிறார். நான் வேண்டாம்னு சொல்லவில்லை, கார்டு போய்விட்டால் அதுதான் பேக்கப்.