பிடியரிசி டின்னும் பிறரன்புப் பாடமும்

இராயபுரம் என்னும் ஊர்ப் பெயரே ஒரு சீடரின் பெயர்தான். புனித பேதுருவை நம் முன்னோர் இராயப்பர் என்றே அழைத்து வந்தனர். சென்னைக்குத் துறைமுகம் அமையாத நாட்களில், நடுக்கடலில் நின்ற கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே மசூலா படகுகளில் ஆட்களையும் சரக்குகளையும் ஏற்றி இறக்கிப் பிழைத்த கிறிஸ்தவப் படகோட்டிகள், 19-ஆம் நூற்றாண்டில் அவர் பெயரால் இங்கே ஓர் ஆலயம் எழுப்பினர். அந்த இராயப்பரால்தான் இவ்வூர் இராயபுரம் ஆயிற்று என்பர். 1856-ஆம் ஆண்டு தென்னிந்தியாவின் முதல் இரயில் இங்கிருந்து புறப்பட்டது என்பதைப் பொது அறிவுப் போட்டியில் நம் மாணவிகள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள். தினந்தோறும் முகவரியில் ஒரு மீனவச் சீடரின் பெயரை எழுதுகிறோம் என்றால்தான் பாதிப்பேர் விழிக்கிறார்கள்.

27 ஆண்டுகளாக இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுத்து வருகிறேன். சீடத்துவம் என்றால் என்ன என்று கேட்டால் புத்தகத்தில் உள்ள விடையை மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். நூற்றுக்கு நூறு மதிப்பெண் கொடுக்கலாம். ஆனால் அந்த விடை வாயோடு நின்றுவிடுமா, கைக்கும் காலுக்கும் இறங்குமா என்பதுதான் ஒவ்வோர் ஆண்டும் என்னை உறுத்தும் கேள்வி.

யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தை ஆறாம் வகுப்பில் நடத்தும்போது எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. இரவெல்லாம் வலை வீசியும் ஒன்றும் அகப்படாமல் சீடர்கள் திரும்புகிறார்கள். உயிர்த்த ஆண்டவர் கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். சாப்பிட்டு முடிந்த பின்னர்தான் இராயப்பரைப் பார்த்து, தம்மேல் அன்பு உண்டா என்று மும்முறை கேட்கிறார். தம் ஆடுகளைப் பேணும்படி ஒப்படைக்கிறார். இதைக் கேட்டதும் காசிமேட்டுப் பிள்ளை ஒருத்தி எழுந்து, “ராத்திரி பூரா கடல்ல கிடந்து வெறும் வலையோட வந்தா எங்க அப்பா யார்கிட்டயும் பேசமாட்டாரு மிஸ். முதல்ல சோறு போட்டாத்தான் பேச்சு வரும்” என்றாள். எத்தனையோ விரிவுரைகள் கேட்டிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக ஒருவரும் சொன்னதில்லை. முதலில் பசியாற்றல், பிறகு கேள்வி, அதற்குப் பின்பே பொறுப்பு. பிள்ளைகளிடம் நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். நூறு கேள்வி கேட்டு, பொறுப்பைச் சுமத்திவிட்டு, கடைசியில் ஒரு மிட்டாய் கொடுக்கிறோம்.

சிறுவர்களால் பிறருக்கு என்ன செய்துவிட முடியும் என்று கேட்போர் எக்காலத்திலும் உண்டு. 1843-இல் பிரான்சு நாட்டு ஆயர் ஃபோர்பின் ஜான்சன் பாலர் சபையைத் தொடங்கியபோது பிள்ளைகளிடம் கேட்டது நாளுக்கு ஒரு சிறு செபமும் மாதத்திற்கு ஒரு சிறு காசுந்தான். பெல்ஜியம் நாட்டில் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த குருவானவர் கார்டைன் 1925-இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தை அமைத்து, பார், ஆராய், செயல்படு என்ற மூன்று படிகளைக் கற்பித்தார். மாணவர் இயக்கமும் அதே படிகளில்தான் ஏறுகிறது. திருத்தந்தை 23-ஆம் யோவான் 1961-ஆம் ஆண்டுத் தம் சுற்றுமடலில் இம்முறையைப் பரிந்துரைத்ததும் நாம் அறிந்ததே. மூன்றில் முதற்படிதான் கடினமானது என்பது என் எண்ணம். நம் பகுதியில் பார்ப்பதற்கு அவ்வளவு இருக்கிறது. தினமும் பார்த்துப் பார்த்தே கண்ணுக்குத் தெரியாமற் போய்விடுகிறது.

எங்கள் வகுப்பில் ஒரு பழைய பிஸ்கட் டின் உண்டு. உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பது நம் வீடுகளில் பாட்டிமார் காலத்திலிருந்தே உள்ள வழக்கம். அப்படிச் சேர்ந்ததை வெள்ளிக்கிழமைதோறும் மாணவிகள் கொண்டுவந்து டின்னில் போடுவார்கள். மாதக் கடைசியில் அது பக்கத்திலுள்ள ஒரு முதியோர் இல்லத்திற்குப் போகும். மறைக்கல்விக்கும் நன்னெறி வகுப்பிற்கும் தனித்தனியே பிரியும் பிள்ளைகள் இந்த டின்னுக்கு முன் ஒன்றாகவே நிற்பார்கள். யார் எவ்வளவு போட்டார்கள் என்று எழுதக் கூடாது என்பது சிஸ்டரின் கண்டிப்பான கட்டளை. அதிக அரிசி சேர்க்கும் வகுப்பிற்குக் கேடயம் கொடுக்கலாமே என்று ஒருமுறை யோசனை வந்தது. “கேடயம் வந்தால் அரிசி வரும், பிள்ளை போய்விடும்” என்று சிஸ்டர் மறுத்துவிட்டார்.

ஒரு மாணவி மட்டும் மூன்று வெள்ளிக்கிழமைகள் தொடர்ந்து வெறுங்கையோடு வந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. பெற்றோர் கூட்டத்தன்று அவள் தாயாரே என்னிடம் வந்தார். “எங்க வீட்ல ரேஷன் அரிசி டீச்சர். அதைக் கொண்டாந்தா மத்த புள்ளைங்க சிரிக்குமாம். எடுத்து வெச்சதை அப்படியே வெச்சிருக்கா” என்றார். அந்த வீட்டிலிருந்து ஒரு பிடி எடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதும், எடுத்ததைக் கொடுக்க முடியாமல் ஒரு பிள்ளை தவிப்பது எவ்வளவு பெரிய துன்பம் என்பதும் எனக்கு அன்றுதான் புரிந்தது. மறுவாரம் வகுப்புத் தலைவியே ரேஷன் அரிசியைப் பொட்டலமாகக் கொண்டுவந்து எல்லோரும் பார்க்கப் போட்டாள். அவளிடம் யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கலும் எழுந்தது. பொன்னியும் ரேஷன் அரிசியும் கலந்தால் ஒன்று குழைந்துவிடும், மற்றொன்று வேகாது. முதியோர் இல்லத்துச் சமையற்கார அம்மா நேரிலேயே குறைப்பட்டுக்கொண்டார். பிள்ளைகள் வீட்டிற்குப் போய்க் கேட்டுவந்து, “கஞ்சி காய்ச்சினால் எல்லா அரிசியும் ஒத்துப்போகும்” என்று தீர்வு சொன்னார்கள். இன்றுவரை அங்கே அது கஞ்சி அரிசிதான். அந்த இல்லத்திற்குப் போகும்போது, தாத்தா பாட்டிகளின் கையைப் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடவே எல்லாப் பிள்ளைகளும் விரும்புவார்கள். சமையற்கார அம்மாவோ பாத்திரம் துலக்கும் இடத்தைக் காட்டுவார். பாட்டுக்கு முன் பாத்திரம் என்பது அவர் சட்டம்.

“படிக்க அனுப்பினோமா, பாத்திரம் தேய்க்க அனுப்பினோமா?” என்று கேட்ட தகப்பனாரும் உண்டு. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. தாம் மூட்டை தூக்குவது தம் மகள் தூக்காமலிருக்கத்தானே என்பது அவருடைய நியாயம். அவருக்கு நான் கல்கத்தா கதையைச் சொன்னேன். என்டாலியில் அன்னை தெரேசா பூகோளம் கற்பித்த பள்ளியிலும் மாணவிகளின் மரியன்னை சபை ஒன்று இருந்தது. அதன் பிள்ளைகள் மருத்துவமனைக்கும், பள்ளி மதிலுக்கு அப்பால் இருந்த மோத்திஜீல் சேரிக்கும் சென்று வந்தனர். 1948-இல் அன்னை மடத்தை விட்டு அச்சேரிக்கே சென்றபோது, அடுத்த ஆண்டு மார்ச் மாதம் அவரைத் தேடி வந்து முதலில் சேர்ந்துகொண்டவர் அவருடைய பழைய மாணவியே. நான் சொல்லி முடித்ததும் தகப்பனாருக்குக் கவலை கூடிவிட்டது. “என் பொண்ணும் கன்னியாஸ்திரி ஆயிடுவாளா?” என்றார். இல்லை ஐயா, கணக்கில் நல்ல மதிப்பெண் எடுக்கிறாள், பயப்படாதீர்கள் என்று அனுப்பி வைத்தேன். அவள் இப்போது செவிலியர் படிப்பு படிக்கிறாள்.

2017 ஜனவரி 28-ஆம் நாள் விடியற்காலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்திற்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எர்ணாவூர்க் கரையெல்லாம் கரிய எண்ணெய் ஒதுங்கியது. குழம்பாக உறைந்துபோன அதை இயந்திரங்களால் சரிவர உறிஞ்ச முடியாமல், கடலோரக் காவல் படையினரும் மீனவர்களும் கல்லூரி மாணவர்களுமாக ஆயிரக்கணக்கானோர் வாளியில் அள்ளியதை நாடே பார்த்தது. எங்கள் பிள்ளைகளும் போகத் துடித்தார்கள். அந்த எண்ணெய் கையில் படக் கூடாது என்று சிஸ்டர் தடுத்துவிட்டார். அது சரியான முடிவு. அப்படியானால் நமக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு விடை சாப்பாட்டு மணியில் கிடைத்தது. அந்நாட்களில் மீன் வாங்கவே மக்கள் அஞ்சினார்கள். மீனவர் வீட்டுப் பிள்ளை ஒருத்தி டிபன் பாக்ஸைத் திறந்ததும், பக்கத்திலிருந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தாள். தகப்பனார் ஆழ்கடலில் பிடித்து வந்த மீன் அது. அதுவரை ஒன்றும் பேசாமலிருந்த எதிர்வரிசைப் பிள்ளை எழுந்து வந்து அந்த இடத்தில் அமர்ந்து, “எனக்கு ஒரு துண்டு தாடி” என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். வாளி தூக்காமலே எண்ணெய் துடைத்தவள் என்று நான் அவளை நினைத்துக்கொள்வதுண்டு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்ற கோடே அழிந்துவிட்டது. மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது, வீடுகளுக்குள்ளும் புகுந்தது. அரிசி டின்னைச் சுமந்து சென்ற பிள்ளைகளே அரிசிக்கு வரிசையில் நின்றார்கள். பள்ளி திறந்தபோது பலரிடம் புத்தகப் பையே இல்லை. இருந்த நோட்டுகளிலும் பக்கங்கள் கறுத்து ஒட்டிக்கொண்டிருந்தன. அரையாண்டுத் தேர்வு தள்ளிவைக்கப்பட்டாலும் வராமற் போகவில்லையே! வெள்ளம் புகாத வீட்டுப் பிள்ளைகள் பாடங்களைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு, நோட்டு இழந்தவர்களுக்காகக் கையால் எழுதத் தொடங்கினார்கள். கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பிவிடலாமே என்று ஒருத்தி சொன்னாள். “அவங்க வீட்டு போனும் தண்ணியிலதான் போச்சு” என்று பதில் வந்தது. விரல் வீங்க எழுதினார்கள். ஒரு பிள்ளை தன் நோட்டிலிருந்த பிழைகளையும், அவற்றின் மேல் நான் போட்டிருந்த சிவப்பு மைக் குறிகளையும்கூடச் சிவப்புப் பேனாவாலேயே அப்படியே பார்த்து எழுதிக் கொடுத்திருந்தாள்! சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அதே மாதம் 26-ஆம் நாள் நள்ளிரவு. சுனாமி வந்து சரியாக 19 ஆண்டுகள் நிறைந்த நாள். ஓர் உரத் தொழிற்சாலைக்காகக் கடலுக்கடியில் போட்டிருந்த குழாயில் அம்மோனியா கசிந்து, எண்ணூர் பெரியகுப்பம் மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் இருட்டில் ஓடினார்கள். எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் வீட்டிற்கு அடுத்த வீட்டில் காது மந்தமான மூதாட்டி ஒருவர் தனியே இருந்தார். குழாய்த் தண்ணீர்ச் சண்டையில் இரு வீட்டாரும் மூன்று ஆண்டுகளாகப் பேசிக்கொள்வதில்லை. தெருவே ஓடும்போது இவள் மட்டும் நின்று, அந்தக் கதவைக் கல்லால் இடித்துத் திறக்க வைத்து, ஈரத்துணியைக் கிழவியின் முகத்தில் கட்டி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். “ஏண்டி அவளைப் போய்க் கூப்பிட்ட என்று அம்மா திட்டலையா?” என்று கேட்டேன். “அம்மாதான் மிஸ் இன்னொரு கையைப் பிடிச்சாங்க” என்றாள். நல்ல சமாரியன் உவமையில் அடிபட்டவனுக்கு உதவியவன் பகை இனத்தான் என்பதை விளக்க நான் எப்போதும் கரும்பலகையில் படம் வரைவது வழக்கம். அந்த ஆண்டு வரையவில்லை.

இந்தப் பிள்ளைகள்தான் பிறகு என்னிடம் கேட்டார்கள்: “ஒவ்வொரு தடவையும் நாம அரிசி சேர்த்துக்கிட்டே இருக்கணுமா மிஸ்? எண்ணெய் ஏன் வருதுன்னு கேட்கக் கூடாதா?” இதைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் உண்டு, பள்ளிப் பிள்ளைகளுக்கு இது எதற்கு என்றார்கள். என் கருத்து வேறு. பார் என்று கற்பித்துவிட்டு, பார்த்ததைப் பற்றிக் கேட்காதே என்று எந்த முகத்தோடு சொல்வது? தலைமை ஆசிரியைச் சிஸ்டரின் அனுமதியோடு, தங்கள் தெருக்களில் மழைநீர் எங்கே தேங்குகிறது, எந்தக் கால்வாய் அடைத்திருக்கிறது, ஆபத்து வந்தால் எந்த வழியாக ஓடுவது, நடக்க முடியாதவர் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் அவர்களே வீடு வீடாகக் கேட்டு ஒரு வரைபடம் தயாரித்தார்கள். பூகோளப் பாடத்தில் தூங்குகிறவர்கள் வரைந்த படம் என்று நம்பவே முடியாது.

அதை இணைத்து அலுவலகத்திற்கு ஒரு விண்ணப்பமும் எழுதினார்கள். பிழை திருத்த என்னிடம் கொண்டுவந்தபோது இரண்டு ஒற்றெழுத்துகளை மட்டும் சேர்த்தேன். ‘தயவுகூர்ந்து’ என்ற சொல் நான்கு இடங்களில் வருகிறதே, எடுத்துவிடலாமா என்று ஒருத்தி கேட்டாள். மூன்றை எடுக்கச் சொன்னேன். பதிவுத் தபாலுக்கான பணத்தை வகுப்பில் எல்லோரும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று போட்டுச் சேர்த்தார்கள். இரசீது அரிசி டின்னின் மூடிக்குள் ஒட்டப்பட்டிருக்கிறது.