வாயில்லா நோயாளி

பழனிக்குக் கிழக்கே, கொய்யாத் தோப்புகளாற் பெயர்பெற்ற ஊர் ஆயக்குடி. மயிலுக்குப் போர்வை ஈந்த வையாவிக் கோப்பெரும் பேகன் ஆண்ட நாடு இதுவேயாம். மயில் குளிரால் நடுங்குவதாக எண்ணி அவ்வள்ளல் தன் போர்வையைக் கொடுத்தான். சான்றோர் அதனைக் கொடைமடம் என்று போற்றினர். மயிலுக்குப் போர்வை எதற்கு என்று நகுவாரும் உளர். அவர்கள் நகட்டும். போர்வை உண்மையாகவே வேண்டப்படும் உயிரும் ஒன்று உண்டு. அஃது அறுவை மருத்துவம் முடிந்து மயக்கம் தெளியாது கிடக்கும் நாய்.

அவ்வூர்த் தோப்பொன்றில் செவலை என்னும் பெண்ணாய் காவல் இருந்தது. அதற்கு வயது எட்டு. ஒரு கார்த்திகை மாதத்தில் அஃது ஓயாது நீர் குடித்தது, சோற்றை முகர்ந்து விலகியது, வயிறும் உப்பிற்று. கருப்பையிற் சீழ் கட்டியிருப்பதைக் கால்நடை மருத்துவர் கண்டறிந்தார். கருத்தடை செய்யப்பெறாத முதிய பெண்ணாய்களுக்குச் சினைப்பருவம் கழிந்த சில வாரங்களில் இந்நோய் வருவதுண்டு. காலந்தாழ்த்தின் நஞ்சு குருதியிற் கலந்து உயிரைக் கொள்ளும். ஆதலின் கருப்பை அன்றே அகற்றப்பெற்றது.

1846-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் ஈதர் ஆவியால் நோயாளியை மயக்கி, வலியின்றி அறுவை செய்து காட்டினர். அதன் பயன் நாளடைவில் விலங்குகட்கும் கிட்டிற்று. சென்னையில் 1903-ஆம் ஆண்டிலும், ஆயக்குடிக்கு அண்மையதான உடுமலைப்பேட்டையில் 2020-ஆம் ஆண்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் தோன்றின. ஆயினும் மருத்துவர் தொழில் சில நாழிகையில் முடிந்துவிடும். வீட்டார் தொழிலோ பன்னிரண்டு நாள் தவம்.

முதல் இரவு கொடியது. மயக்கமருந்து உடலின் வெப்பத்தைக் குறைக்கும். நாயின் இயல்பான வெப்பம் ஏறத்தாழ 101 முதல் 102.5 பாரன்ஹீட் பாகை. அதனிற் குறைந்தமையால் செவலை நடுங்கியது. முதியவரான தோட்டக்காரர் சாக்கை மடித்து விரித்து, அதன்மேற் கிடத்தித் தம் போர்வையைப் போர்த்தினார். அவருடைய பெயர்த்தி கிண்ணத்தில் நீரோடு வந்தாள்.

“தாத்தா, நாக்கை நீட்டுகிறது, கொஞ்சம் ஊற்றட்டுமா?”

“பொறு கண்ணு. அது தானே தலைநிமிர்ந்து உட்காரட்டும். இப்போது ஊற்றினால் நீர் மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.”

தாகத்தால் தவிக்கும் உயிர்க்கு நீரை மறுப்பது எளிதன்று. சிறுமி கிண்ணத்தை மடியிற் பொதிந்துகொண்டு விடியுமட்டும் காத்திருந்தாள்.

மறுநாள் கழுத்தில் அகன்ற கூம்பு மாட்டப்பெற்றது. நாயின் எச்சில் புண்ணை ஆற்றும் என்பது நாட்டார் நம்பிக்கை. உண்மையில் நக்கினால் தையல் பிரியும், புண்ணிற் சீழும் பிடிக்கும். கூம்போடு கதவிலும் தூணிலும் முட்டிக்கொண்ட செவலை தலைகவிழ்ந்து நின்றது. அயலார் ஒருவர் இரங்கித் தாம் உண்ணும் வலிமாத்திரையைக் கொடுக்க வந்தார். முதியவர் தடுத்தார். மனிதர் உண்ணும் இபுப்ரோபன் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் ஈரலைத் தாக்கும். வெங்காயமும் நாய்க்குப் பகையே. அது குருதியின் சிவப்பணுக்களை அழிக்கும். சின்ன வெங்காயச் சாம்பார் மணக்கும் நம் நாட்டு வீடுகளில் மிஞ்சிய சோற்றை நாய்க்கிடுமுன் இதனை எண்ணுவார் எத்தனை பேர்?

மூன்றாம் நாள் செவலை கஞ்சியையும் தொடவில்லை. முதியவர் அதன் உதட்டை நீக்கி ஈற்றைத் தொட்டார். ஈரமின்றி விரலில் ஒட்டியது. பிடரித் தோலைக் கிள்ளி விட்டார். அது மெல்ல மெல்லவே படிந்தது. உடலில் நீர் வற்றியதற்கு இவை அடையாளம். வாயிருந்தும் சொல்லில்லா உயிர் தன் நோயைத் தோலாலும் ஈற்றாலும் சொல்லிற்று. கேட்டறிந்த முதியவர் கணமும் தாழ்க்கவில்லை. அதனைச் சாக்கோடு ஏந்தி ஆட்டோவில் மருத்துவரிடம் விரைந்தார். நரம்பின்வழி நீர்மம் ஏற்றப்பெற்றது. அந்தியில் ஒரு பிடி குழைந்த சோற்றைச் செவலை சிறுமியின் கையிலிருந்து நக்கி உண்டது. அவள் அழுதுவிட்டாள்.

பின்னாட்கள் விரைந்து கழிந்தன. பன்னிரண்டாம் நாள் தையல் பிரிக்கப்பெற்றது. ஓடவும் தாவவும் மேலும் சில நாள் தடையிருந்தமையின், செவலையைத் திண்ணையிற் கயிற்றால் பிணித்திருந்தனர். அன்றிரவு கொய்யாவை நாடிப் பழந்தின்னி வௌவால்கள் தோப்பில் இறங்கின. செவலை எழவில்லை, கிடந்தபடியே இருமுறை குரைத்தது.