கல் நிற்கிறது, ஆள் எங்கே?

பிரெஞ்சுப் புரட்சி நடந்த காலம். தேவாலயங்களில் இருந்த தங்கத்தையும் வெள்ளியையும் உருக்கி நாணயமாக்க அரசாங்கம் ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தது. தெற்கு பிரான்ஸின் மலைச்சரிவில் உள்ள கோங்க் கிராமத்து மக்கள் முந்திக்கொண்டார்கள். தங்கள் தேவாலயத்தின் பொக்கிஷங்களைப் பங்குபோட்டு வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். சிலர் தோட்டத்தில் புதைத்தார்கள். சிலர் செஸ்நட் கொட்டை காயவைக்கும் கொட்டகைகளில் ஒளித்தார்கள். ஆபத்து நீங்கியதும் அவற்றைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவற்றில் பெரிது, புனித ஃபோய் என்ற சிறுமியின் அமர்ந்த கோலச் சிலை. தங்கத் தகடு போர்த்தி மணிகள் பதித்தது. அதற்குள் இருக்கும் திருப்பண்டத்தை கி.பி. 866-ல் அழான் நகரிலிருந்து இந்த ஊர்த் துறவி ஒருவர் திருடிக்கொண்டு வந்தார் என்பது வேறு கதை. திருடி வந்ததைத் திருட்டுக் கொடுக்காமல் காத்த ஊர் இது.

அந்தச் சிலை இன்றும் கோங்க்கில் இருக்கிறது. தேவாலய வாசலுக்கு மேலே இறுதித் தீர்ப்பு நாள் காட்சி 124 உருவங்களோடு செதுக்கப்பட்டிருக்கிறது. பார்ப்பவரின் இடது பக்கம் சொர்க்கம், அமைதியாக, கொஞ்சம் அலுப்பாகவும்கூட. வருகிறவர்களின் கண் போவதெல்லாம் நரகத்தின் பக்கம்தான். அங்கே கஞ்சன் ஒருவன் கழுத்தில் பணப்பையோடு தூக்கில் தொங்குகிறான். திருட்டு வேட்டைக்காரனை முயல் முகப் பேய் நெருப்பில் வாட்டுகிறது. இந்தத் தேவாலயமே 19-ஆம் நூற்றாண்டில் இடிந்து விழும் நிலைக்கு வந்துவிட்டது. வரலாற்றுச் சின்னங்களின் தலைமை ஆய்வாளராக இருந்த ப்ரோஸ்பர் மெரிமே 1837-ல் இங்கே வந்து பார்த்துவிட்டு எழுதிய அறிக்கைதான் அதைக் காப்பாற்றியது. 'கார்மென்' கதையை எழுதிய அதே மெரிமே. 1994-ல் இதன் 104 ஜன்னல்களுக்கும் பக்கத்து ஊரான ரொதேஸில் பிறந்த ஓவியர் பியேர் சூலாஷ் புதுக் கண்ணாடி போட்டார். வண்ணம் இல்லை, உருவம் இல்லை; மங்கலான வெள்ளையும் கறுப்புக் கோடுகளும்தான். அன்று முகம் சுளித்தவர்கள் உண்டு. இன்று அந்த வெளிச்சத்தைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வருகிறார்கள்.

ஆக, ஒரு கிராமம் தானாக நிலைத்துவிடுவதில்லை. யாரோ சிலர் காப்பாற்ற முடிவு செய்கிறார்கள். கல்லைக் காப்பாற்றுவதா, அங்கே வாழும் மனிதர்களைக் காப்பாற்றுவதா என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது. கோங்க்கில் தொடங்கி மேற்கே லோத் நதிப் பள்ளத்தாக்குக்குப் போய், பிறகு வடக்கே லிமோஷ் நகரம் வரை காரில் ஒரு வாரம் சுற்றினால் இந்தக் கேள்விக்கு ஊருக்கு ஒரு பதில் கிடைக்கும். கார் அவசியம். இந்தப் பகுதியில் பஸ்ஸை நம்பினால் பாதி நாள் நிழற்குடையிலேயே கழிந்துவிடும்.

முதலில் சேன்-சிர்-லப்போப்பீ. நதிக்கு மேலே சுமார் 100 மீட்டர் உயரத்தில் பாறை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கிராமம். இடிந்த கோட்டை இருந்த உச்சியில் ஏறி நின்றால் கீழே பழுப்பு ஓட்டுக் கூரைகள், அதற்கும் கீழே பச்சை வளைவாக ஓடும் நதி, அக்கரையில் வயல்கள். 2012-ல் தொலைக்காட்சி நேயர்கள் இதைத்தான் நாட்டின் மனங்கவர்ந்த கிராமமாகத் தேர்ந்தெடுத்தார்கள். கோடையில் காலை பத்து மணிக்குள் போய்விட வேண்டும். அப்புறம் தெரிவதெல்லாம் முன்னால் போகிறவரின் முதுகுதான். ஆண்டுக்கு லட்சக்கணக்கில் பயணிகள் வரும் ஊரில் நிரந்தரமாக வசிப்பவர்கள் சுமார் 200 பேர். பல வீடுகள் வெளியூர்க்காரர்களின் விடுமுறை இல்லங்கள். குளிர்காலத்தில் அவற்றின் ஜன்னல் கதவுகள் மூடியே கிடக்கும்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 19-ஆம் நூற்றாண்டில் இங்கே ஆயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். தெருவுக்குத் தெரு மரக் கடைசல் பட்டறைகள் இருந்தன. மதுப் பீப்பாய்களுக்கான மரக் குழாய்கள் இங்கிருந்துதான் போயின. கீழே நதியில் கஹோர் பகுதியின் மதுவை ஏற்றிக்கொண்டு படகுகள் போர்தோ துறைமுகத்துக்குப் போகும். படகுகளை இழுத்துச் செல்வதற்காகச் செங்குத்துப் பாறையைக் குடைந்து வெட்டிய நடைபாதை இன்றும் இருக்கிறது. நடக்க அருமையான இடம். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக அடி விழுந்தது. ரயில் வந்ததும் படகு படுத்தது. ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி திராட்சைத் தோட்டங்களை அழித்தது. எந்திரங்கள் வந்ததும் பட்டறைகள் மூடின. மிச்சமிருந்த இளைஞர்களை 1914-ல் தொடங்கிய போர் கொண்டுபோனது. அந்தப் போரில் பிரான்ஸ் இழந்த வீரர்கள் 13 லட்சத்துக்கும் மேல். வழியில் எந்தச் சிற்றூரில் இறங்கினாலும் சதுக்கத்தில் ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. ஒரே குடும்பப் பெயர் அதில் இரண்டு, மூன்று முறை வருவதைப் பார்க்கலாம்.

காலியான ஊருக்கு ஓவியர்களும் எழுத்தாளர்களும் வந்தார்கள். சர்ரியலிசக் கவிஞர் ஆந்த்ரே ப்ரெத்தோன் 1951-ல் இங்கே ஒரு பழைய வீட்டை வாங்கி, 1966-ல் இறக்கும்வரை கோடைக்காலங்களைக் கழித்தார். அவர் 1952-ல் பக்கத்தில் உள்ள பெஷ் மேர்ல் குகைக்குப் போனது ஒரு தனிக் கதை. 1922-ல் கண்டுபிடிக்கப்பட்ட அந்தக் குகையில் சுமார் 29,000 ஆண்டுகளுக்கு முந்தைய புள்ளிக் குதிரைகள் தீட்டப்பட்டிருக்கின்றன. ஓவியம் உண்மையிலேயே பழசுதானா என்று ப்ரெத்தோனுக்குச் சந்தேகம். மம்மூத் யானைச் சித்திரம் ஒன்றை விரலால் தேய்த்துப் பார்த்தார். தகராறு, வழக்கு, அபராதம். ஒரு விரல் பட்டதற்கே அந்தக் கதி. ஆயிரக்கணக்கானோரின் மூச்சுக்காற்றும் ஓவியத்தைக் கெடுக்கும் என்பதால் நாளொன்றுக்கு சுமார் 700 பேருக்குத்தான் அனுமதி. குகைக்குக் கணக்கு உண்டு. ஊருக்கு அப்படி ஒரு கணக்கு போட முடியுமா?

வடக்கே ரொக்கமதூர் போட்டதில்லை. பள்ளத்தாக்கின் பாறைச் சுவரில் வீடு, அதற்கு மேல் தேவாலயம், அதற்கும் மேல் கோட்டை என்று அடுக்கிவைத்த தலம். 1166-ல் இங்கே கெடாத நிலையில் ஒரு உடல் கிடைக்க, அது துறவி அமதூருடையது என்று நம்பிக்கை பரவியது. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி உள்பட யாத்திரிகர்கள் குவிந்தார்கள். மேலே கறுப்பு மாதாவைத் தரிசிக்க 216 படிகள். முழங்காலிலேயே ஏறுகிறவர்கள் உண்டு. முழுக் காட்சியையும் பார்க்க எதிர்ப்புறம் ஒஸ்பித்தாலே குடியிருப்பில் காலை வெயிலில் நிற்க வேண்டும். பாறை இடுக்கில் செருகியிருந்த, வீரன் ரோலாந்தின் வாள் என்று சொல்லப்பட்டதை மட்டும் இனிப் பார்க்க முடியாது. தரையிலிருந்து சுமார் பத்து மீட்டர் உயரத்தில் இருந்தும் 2024-ல் அது காணாமல் போய்விட்டது. அது அசல் அல்ல என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் ஊர் வருந்தியது.

இன்னும் வடக்கே கொலோஞ்-லா-ரூஜ். இரும்புச்சத்து கலந்த மணற்கல்லில் கட்டியதால் ஊர் முழுக்கச் சிவப்பு. துரேன் சிற்றரசின் அதிகாரிகள் 16-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோபுர வீடுகள் இவை. அந்தச் சிற்றரசு 1738-ல் பதினைந்தாம் லூயிக்கு விற்கப்படும்வரை அதன் குடிகள் மன்னருக்கு வரி கட்டியதில்லை. பிறகு திராட்சையும் போய், ஆட்களும் போய், வீடுகள் கல்லுக்காகப் பிரிக்கப்படும் நிலை வந்தது. ஊர் மீண்டதற்கு முக்கியக் காரணம் அதன் மேயராக இருந்த ஷார்ல் செராக். 1982-ல் 66 மேயர்களைச் சேர்த்துக்கொண்டு 'பிரான்ஸின் மிக அழகிய கிராமங்கள்' என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார். மக்கள்தொகை 2,000-க்குள் இருக்க வேண்டும், பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் இரண்டாவது இருக்க வேண்டும், ஊர்மன்றமே கேட்டு வர வேண்டும் என்பவை நிபந்தனைகள். தரம் குறைந்தால் பெயர் நீக்கப்படும். இன்று சுமார் 180 கிராமங்கள் இதில் இருக்கின்றன.

பலன் இல்லாமல் இல்லை. கூரை ஒழுகவில்லை, சுவர் சரியவில்லை, உணவு விடுதிகளும் கைவினைக் கடைகளும் பிழைப்புத் தருகின்றன. ஆனால் ஐஸ்கிரீம் கிடைக்கும் தெருவில் ஆணியும் நூல்கண்டும் கிடைக்காது. விலை ஏறிய வீட்டை உள்ளூர் இளம் தம்பதி வாங்க முடியாது. வறுமை காலி செய்த ஊரை அழகும் காலி செய்யலாம் என்பதை செராக்குக்குப் பின் வந்த மேயர்கள் நன்றாகவே உணர்ந்திருக்கிறார்கள்.

பயணத்தின் கடைசி ஊர், லிமோஷுக்கு அருகே உள்ள ஒராதூர்-சூர்-க்ளான். இது எந்த அழகுப் பட்டியலிலும் இல்லை. 1944 ஜூன் 10 அன்று ஜெர்மனியின் எஸ்.எஸ். படை இந்த ஊரைச் சுற்றி வளைத்தது. ஆண்களைக் கொட்டகைகளில் அடைத்துச் சுட்டது. பெண்களையும் குழந்தைகளையும் தேவாலயத்துக்குள் அடைத்துக் கொன்று எரித்தது. இறந்தவர்கள் 643 பேர். அடுத்த ஆண்டு வந்து பார்த்த ஜெனரல் டி கால், இடிபாடுகள் இப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்தார். கூரையில்லாத வீடுகள், துருப்பிடித்த தையல் எந்திரங்கள், எங்கும் போகாத டிராம் தண்டவாளம். நுழைவாயிலில் மௌனம் காக்கச் சொல்கிறார்கள். சொல்லாவிட்டாலும் யாரும் பேசப்போவதில்லை.

இடிபாட்டை இடிபாடாகவே வைத்திருப்பதும் எளிதல்ல. மழையும் பனியும் சுவர்களைத் தின்கின்றன. அவை மேலும் இடியாமலும் புதிதாகத் தெரியாமலும் பார்த்துக்கொள்ள அரசு தொடர்ந்து செலவு செய்கிறது. கொலையிலிருந்து உயிர் தப்பியவர்களில் கடைசியாக இருந்தவரும் 2023-ல் இறந்துவிட்டார். இனி சாட்சி சொல்ல அந்தச் சுவர்கள்தான் மிச்சம்.

ஆனால் இடிபாட்டை ஒட்டியே அதே பெயரில் ஒரு புது ஊர் கட்டப்பட்டது. பார்க்க அதில் ஒன்றும் இல்லை. நேரான தெருக்கள், சாம்பல் நிற வீடுகள். வேனைத் திருப்பிக்கொண்டு பயணிகள் போய்விடுகிறார்கள். அங்கே இரண்டாயிரம் பேருக்கு மேல் வசிக்கிறார்கள். வழியில் பார்த்த அழகான ஊர்களைவிட அதிகம். மாலையானால் அந்த வீடுகளில் விளக்கு எரிகிறது.