பெயர்த்து நடப்பட்ட விளையாட்டுகள்

வெளிநாட்டுச் செய்திகளை அவசர அவசரமாகத் தமிழாக்கிப் பத்திரிகைப் பக்கத்தை நிரப்பிய அனுபவம் எனக்கு நிறைய உண்டு. ஆகவே பெயர்ப்பு வேலையில் எங்கெங்கே ஓட்டை விழும் என்பதை ஓரளவு அறிவேன். கணினி விளையாட்டுகளிலும் இதே வேலை நடக்கிறது என்பதை என் பெறாமகன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மாதக்கணக்கில் சேர்த்த பணத்தில் அவன் வாங்கிய விளையாட்டில் கதாநாயகன் நாலடி நடந்து ஐந்தாம் அடியில் உறைந்து நின்றான்.

"கொம்பியூட்டர் பழசோ?" என்று கேட்டேன்.

"இல்லைப் பெரியப்பா, கேம்தான் பிழை. பிளேஸ்டேஷனிலை நல்லா ஓடுது."

பிளேஸ்டேஷன் 5 இல் மையச் செயலிக்கும் வரைகலைச் செயலிக்கும் பொதுவாக 16 ஜிகாபைட் நினைவகம் இருக்கிறது. எல்லா வீடுகளிலும் அதே பெட்டிதான். எனவே காட்சிக்கு ஒளியும் நிழலும் பூசும் 'ஷேடர்' எனும் சிறு நிரல்களை முன்கூட்டியே அதற்கெனத் தயாரித்து அனுப்பிவிடலாம். கணினியிலோ நினைவகம் இரண்டாகப் பிரிந்துள்ளது. வரைகலை அட்டைகளும் பலவகை. அந்த நிரல்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் புதிதாகத் தொகுக்கப்பட வேண்டும். செக்கனுக்கு 60 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிசெக்கன் மட்டுமே. ஆட்டத்தின் நடுவே தொகுப்பு வேலை தொடங்கினால் திரை விக்காமல் என்ன செய்யும்?

2015 ஜூன் 23 இல் வெளியான 'பட்மான்: ஆர்க்கம் நைட்' இதற்குப் பேர்போன உதாரணம். மூல விளையாட்டை ஆக்கியது ரொக்ஸ்டெடி. கணினி வடிவம் வெளியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. 30 பிரேமுக்குப் பூட்டு, அதிலும் தடுமாற்றம். சில நாட்களுக்குள்ளேயே வோர்னர் பிரதர்ஸ் விற்பனையை நிறுத்தியது. ஒக்டோபர் 28 இல் மீண்டும் விற்பனைக்கு வந்தபோதும் குறைகள் தீரவில்லை. வேண்டியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. ஸ்டீம் கடை பணத்தைத் திருப்பித் தரும் முறையை அறிமுகப்படுத்தியதும் அதே ஜூன் மாதத்தில்தான் என்பது வாங்கியவர்களின் அதிர்ஷ்டம்.

ஆனால் அந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருக்க வேண்டும். 2023 மார்ச் 28 இல் கணினிக்கு வந்த 'த லாஸ்ட் ஒஃப் அஸ் பார்ட் 1' சில கணினிகளில் ஷேடர் தொகுக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. விளையாடாமல் காத்திருந்த அந்த நேரமும் விளையாடிய கணக்கில்தான் சேர்ந்தது! அதன் விலை ஏறத்தாழ 60 டொலர். ஒரு டொலர் 300 ரூபா எனக் கொண்டால் 18,000 ரூபா. கொழும்பில் ஒரு மாணவனுக்கு அது சிறிய தொகையல்ல.

பத்திரிகையில் பிழை வந்தால் மறுநாள் திருத்தம் போடுவோம். அச்சுக்குப் போகுமுன் ஒப்புநோக்குநர் ஒருவராவது சம்பளம் வாங்கிக்கொண்டு அதைப் பார்த்திருப்பார். இங்கே முழுவிலை கொடுத்து முதலில் வாங்குபவனே ஒப்புநோக்குநர். ஆட்குறைவும் கால நெருக்கடியும் எனக்குப் புரியாதவை அல்ல. அதற்காகப் பாதி வெந்ததை முழு விலைக்கு விற்பதை ஏற்க முடியவில்லை.

'டார்க் சோல்ஸ்' கதை இன்னும் விசித்திரமானது. பல்லாயிரக்கணக்கானோர் கையொப்பமிட்டுக் கேட்டதன் பேரில் அது 2012 ஓகஸ்ட்டில் கணினிக்கு வந்தது. எவ்வளவு பெரிய திரையானாலும் உள்ளே காட்சி 1024க்கு 720 புள்ளிகளில்தான் தீட்டப்பட்டது. 'டுரான்டே' என்ற புனைபெயர் கொண்ட ஒருவர், வெளியான அன்றே அதைச் சரிசெய்யும் சிறு நிரலை எழுதி இலவசமாகக் கொடுத்தார். பின்னாளில் அவர் கணினிப் பெயர்ப்பையே தொழிலாகக் கொண்டார். அந்த விளையாட்டின் மெருகேற்றிய அதிகாரபூர்வ வடிவம், 60 பிரேம் வேகத்துடன், 2018 மே மாதத்தில்தான் வந்தது. அதற்குத் தனியாக விலையும் இருந்தது.