பல்லுக்குப் பின்னால் ஒரு விளிம்பு

1893-ல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸ் கதை ‘மஞ்சள் முகம்’. ஹோம்ஸின் ஊகம் பொய்த்துப்போகும் கதை என்பதால் அதைப் பலரும் நினைவில் வைத்திருப்பதில்லை. அதன் தொடக்கத்தில், வந்தவர் மறந்துவிட்டுப்போன சுங்கானைக் (பைப்) கையிலெடுக்கிறார் ஹோம்ஸ். அம்பரால் செய்த வாய்முனை கடிபட்டிருப்பதைக் கொண்டே, உடையவர் திடகாத்திரமானவர், நல்ல பல்வரிசை உள்ளவர் என்கிறார். நான் சுங்கான் பிடித்த நாட்களில் அப்பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வேறொன்று தோன்றும். பாவம், அந்த மனிதருக்கு வாய்முனை சரியாக அமையவில்லை. அமைந்திருந்தால் எதற்காகக் கடிக்கிறார்?

சுங்கான் வாங்குபவர்கள் கிண்ணத்தின் மர இழைகளைப் பார்த்து மயங்குகிறார்கள். வாய் அறிவதோ கடைசி ஓர் அங்குலத்தை மட்டுமே. பல் பதியும் இடத்தில் தடிமன் நான்கு மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோகும். ஐந்தைத் தாண்டினால் தாடை சற்றே திறந்தபடி இருக்கவேண்டும்; அரைமணி நேரத்தில் காதுக்கு முன்னால் வலி தொடங்கிவிடும். நுனியில் சிறு விளிம்பு ஒன்று மேடாக எழுந்திருக்கும். அது பல்லுக்குப் பின்னால் கொக்கிபோல் மாட்டிக்கொள்வதால் கடித்துப் பிடிக்கவேண்டிய தேவையில்லை.

இவ்வளவு மெலிதாக்குவதில் ஒரு சிக்கல், உள்ளே ஓடும் துளை. வட்டமாகவே விட்டால் சுவர் தாங்காது. ஆகவே நுனியை நெருங்கும்போது அதை விசிறிபோல் தட்டையாக விரிக்கிறார்கள். புகையும் பரந்து வெளிவரும். விரிக்காத துளை நாக்கில் ஒரே புள்ளியைச் சுட்டுக்கொண்டிருக்கும். டப்ளினின் பீட்டர்சன் நிறுவனம் 1898-ல் காப்புரிமை பெற்ற முனையில் துளை மேல்நோக்கி, அண்ணத்தைப் பார்த்துத் திறக்கிறது. அதைக் கொண்டாடுபவர்களும் உண்டு, தொடவே மாட்டேன் என்பவர்களும் உண்டு.

எதனால் செய்தது என்பதை இதற்கெல்லாம் அடுத்ததாகவே வைப்பேன். எபொனைட், ரப்பரில் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி இறுக்கியது. பல்லுக்குக் கொஞ்சம் இணங்கிக் கொடுக்கும். ஆனால் வெயில் பட்டால் பச்சையும் பழுப்புமாக நிறம் மாறி, வாயில் கந்தகம் கசக்கும். அக்ரிலிக் மங்குவதில்லை. ஆனால் கண்ணாடியைக் கடிப்பதுபோல் இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் பல் மருத்துவர் ஒருவர் என் நாக்கின் ஓரத்தை விளக்கொளியில் நெடுநேரம் பார்த்தார். ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார். எத்தனை நயமான முனையானாலும் வாய்க்குள் வருவது புகையிலைப் புகைதானே, அத்துடன் நிறுத்திவிட்டேன். பழைய எபொனைட் முனைச் சுங்கான் ஒன்று மட்டும் மேசையில் கிடக்கிறது. எழுதும்போது சில சமயம் வெறுமனே பல்லில் வைத்துக்கொள்கிறேன். விளிம்பு இப்போதும் சரியாக மாட்டிக்கொள்கிறது.